படித்ததைப் பகிர்தல்: ஈழத்துத் தமிழ் நூல் விமர்சனத்தில் உடன்வாசகரின் இடம்

கல்வி எவ்வாறு நிறைவெய்துகின்றது என்பதைப் பவணந்தியார் ஒரு கணக்காகவே வகுத்துக் கூறியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கர் செவ்வனே உளங்கொண்டாராயினும் அவருக்கு வாய்ப்பது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வோரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர்க்கென வகுக்கப்பட்ட இக்கணக்கு, நூல் வாசிக்கும் எவருக்கும் பொருந்துவதாகும். தனித்திருந்து ஒரு நூலைப் படித்து முடித்தவர் அதன் ஒரு பகுதியையே பெற்றவராகின்றார். அதே நூலைப் படித்த இன்னொருவரோடு உரையாடும்போதும், படியாத ஒருவருக்கு அதனை விளக்க முற்படும்போதும், தாம் எதனைப் புரிந்துகொண்டார், எதனைப் புரிந்துகொண்டதாக எண்ணியிருந்தார் என்பது அவருக்கே தெளிவாகின்றது.

இவ்வகையில் நோக்குமிடத்து, அண்மையில் படித்த நூல்களைப் பற்றிய அபிப்பிராயங்களை உடன்வாசகரோடு பகிர்ந்துகொள்வது பொழுதுபோக்கான செயலன்று. வாசிப்பின் சரிபாதி அது. ஈழத்துத் தமிழ்ச் சூழலில் இப்பாதி எவ்வாறு இயங்கி வந்துள்ளது, எவ்விடத்தில் நலிவுற்றது, அந்நலிவால் நேரும் இழப்பு யாது என்பன ஆராயத்தக்கன. நூல்கள் வெளிவருகின்றன, வெளியீட்டு விழாக்கள் நடைபெறுகின்றன, பாராட்டுரைகள் நிகழ்த்தப்படுகின்றன. ஆயின், விழா முடிந்து கதிரைகள் அடுக்கப்பட்ட பின்னர் அந்நூலைப் பற்றி யார் யாரிடம் என்ன சொல்கின்றனர் என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று.

அவையும் கேட்போரும்

பழந்தமிழ் மரபில் நூல் என்பது கேட்போரை முன்னிறுத்திய ஒன்றாகவே கருதப்பட்டது. சிறப்புப் பாயிரம் கூறவேண்டியனவற்றை வரிசைப்படுத்தும் நன்னூல், ஆசிரியர் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் ஆகியவற்றோடு கேட்போரையும் பயனையும் சேர்த்துரைக்கின்றது. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பதால் பாயிரம் பாடும் உரிமை பிறருக்கு வழங்கப்பட்டது. அவ்வுரிமை பெற்றோர் நால்வர்: ஆசிரியரின் ஆசிரியர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்கு உரைகண்டவர். இவருள் உடன் கற்றவர் இடம்பெற்றமை மனங்கொளத்தக்கது. நூலைப் பற்றிப் பேசும் தகுதி, மேலே நின்று தீர்ப்பளிப்பவருக்கு மட்டுமன்றி, அருகிருந்து பயின்றவருக்கும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். மேலும், நூலுக்குரிய எழுவகை மதங்களுள் பிறர் நூலிற் குற்றங் காட்டலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. புகழுரைக்கு இலக்கணம் வகுத்த மரபே மறுப்புரைக்கும் இடமளித்தது.

அரங்கேற்றம் இம்மரபின் நடைமுறை வடிவமாகும். கந்தபுராண அரங்கேற்றம் பற்றி வழங்கும் ஐதிகம் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் நூலை அரங்கேற்றப் புகுந்தபொழுது, முதற் செய்யுளின் தொடக்கத்திலேயே அமைந்த ஒரு சொற்புணர்ச்சிக்கு விதி யாது என அவையிலிருந்த ஒருவர் தடை எழுப்பினார் என்பர். அரங்கேற்றம் அன்றோடு நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து அதற்குரிய விதியைக் காட்டிய பின்னரே நூல் மேற்செல்ல இடமேற்பட்டது. இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது வேறு பிரச்சினை. ஆனால், தெய்வமே அடியெடுத்துக் கொடுத்ததாகக் கருதப்பட்ட ஒரு நூலையும் கேட்டவர் ஒருவர் முதற்சொல்லிலேயே நிறுத்தலாம் என்பதையும், தடை எழுப்பியவரை எவரும் பகைவராகக் கொள்ளவில்லை என்பதையும், தடைக்கு விடை சினத்தால் அன்றி ஏட்டுச் சான்றால் அளிக்கப்பட்டது என்பதையும் இக்கதையைப் போற்றிய சமூகம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தது. அவ்வீரசோழியத்தை 1881இல் முதன்முதலாக அச்சேற்றியவர் ஈழத்தவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் நிலவிய புராணபடனம் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். சூழ்ந்திருப்போருள் அதே புராணத்தைப் பல ஆண்டுகள் கேட்டுப் பழகியவர்கள் இருப்பர். பயன் சொல்பவர் ஓரிடத்தில் வழுவினால் அது அவர்களுக்குத் தெரியாமற் போகாது. எழுத்தறிவு பரவலாகாத காலத்திலும் ஒரு காப்பியத்தைப் பற்றிய நுண்ணிய உரையாடல் கிராமத்தில் நிகழ்வதற்கு இவ்வமைப்பு வழிசெய்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்றோர் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் எனக் குறித்தமைக்கு இக்கூட்டு வாசிப்பு ஒரு முக்கிய காரணமாகும். இவ்வமைப்பின் எல்லைகளையும் மறத்தலாகாது. யார் கோயிலுள் இருந்து கேட்கலாம், யார் வெளியில் நிற்கவேண்டும் என்பதைச் சாதி நிர்ணயித்தது. எதைப் படிப்பது என்பதைச் சமயம் நிர்ணயித்தது. கூட்டு வாசிப்பின் முறை அங்கு இருந்தது. அதன் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

சாற்றுகவியும் கண்டனமும்

அச்சு இயந்திரம் வாசகரைப் பெருக்கியது. அதே வேளையில் அவரை ஆசிரியரின் கண்ணுக்கு மறைத்தும் விட்டது. அவையில் இருந்து தடை எழுப்பியவர் இப்போது எங்கோ தம் வீட்டுத் திண்ணையில் இருந்து நூலைப் படிப்பவரானார். இம்மாற்றத்தின் விளைவாகப் 19ஆம் நூற்றாண்டில் இரு வகை எழுத்துகள் தழைத்தன. ஒன்று சாற்றுகவி, மற்றையது கண்டனம்.

அறிமுகமான புலவர்களிடமிருந்து பெற்ற புகழ்ச் செய்யுள்களை நூலின் முன்னே அடுக்கும் வழக்கம், சிறப்புப் பாயிரத்தின் வெளித்தோற்றத்தைக் கைக்கொண்டு உட்பொருளைக் கைவிட்டதாகும். நூலின் பொருள் யாது, யாருக்காக எழுதப்பட்டது என்பவற்றை உரைக்கும் கடப்பாடு மறைந்து, ஆசிரியரின் பெருமையை உயர்வுநவிற்சியாற் கூறும் சடங்கு எஞ்சியது. சாற்றுகவியைப் படிப்பவருக்கு நூலைப் பற்றி எதுவும் தெரியவருவதில்லை. ஆசிரியருக்கு யார் யார் வேண்டியவர் என்பது மட்டும் தெரியவரும்.

கண்டனம் இதற்கு நேர்மாறானது. ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்துச் சமய, இலக்கிய விவாதங்கள், குறிப்பாக இராமலிங்க அடிகளின் பாடல்கள் பற்றி எழுந்த அருட்பா – மருட்பா வாதம், இவ்வகை எழுத்தின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே காட்டுவன. எதிர்த்தரப்பின் கூற்றை எடுத்துக்காட்டல், அதற்கு மறுப்பாக நூற்சான்று தருதல், வாதத்தைப் படிப்படியாக நிறுவுதல் ஆகிய பண்புகள் கண்டனங்களில் உண்டு. தமிழ் உரைநடை கூர்மை பெற்றதில் இவற்றுக்குப் பங்குண்டு என்பதை மறுக்கமுடியாது. எனினும், கண்டனத்தின் இலக்கு வெற்றி. நூலைப் புரிந்துகொள்ளல் அதற்கு ஒரு கருவி மட்டுமே. எதிராளி வீழ்ந்ததும் நூலும் வாசகனின் நினைவிலிருந்து வீழ்ந்துவிடுகின்றது.

சாற்றுகவிக்கும் கண்டனத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டுமே ஆசிரியரை நோக்கிப் பேசுவன. ஒன்று அவரை வணங்குகின்றது, மற்றையது அவரைத் தாக்குகின்றது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் படிக்கலாமா, எவ்வாறு படிக்கலாம் என்று வினவும் சகவாசகர் இரண்டிலும் இல்லை.

ரசனையும் ஆய்வும்

இருபதாம் நூற்றாண்டில் அவ்வாசகரை மீண்டும் அழைத்து வந்தவர்களுள் இருவர் தனித்துக் கூறத்தக்கவர். முதலாமவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலியில் அவருடைய இல்லத்திற் கூடிய வட்டத்தொட்டி, பாடல்களை வாய்விட்டுப் படித்து, அவற்றின் சுவையைக் கூடியிருப்போர் பகிர்ந்துகொள்ளும் அரங்காக விளங்கியது. புலமைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த பொதுவாசகருக்குக் கம்பனை நெருக்கமாக்கியது அவ்வட்டத்தின் சாதனை. ஆயின், தம் சுவைக்கு ஒவ்வாத செய்யுள்களைக் கம்பனுடையனவல்ல என விலக்கவும் பாடத்தைத் திருத்தவும் டி. கே. சி. துணிந்தமை, ஒரு வட்டத்தின் ரசனை தன்னைத் தவிர வேறொரு நியாயத்தை ஏற்காதபோது எங்கே சென்று முடியும் என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாமவர் க. நா. சுப்ரமண்யம் (1912–1988). படித்திருக்கிறீர்களா? என்பது அவருடைய நூல்களுள் ஒன்றின் பெயர். ஒரு விமர்சன நூலுக்கு வினாவைப் பெயராகச் சூட்டியதும், அவ்வினாவை வாசகரை நோக்கியே கேட்டதும் அன்றைய சூழலிற் புதுமை. ஆசிரியரைப் போற்றவோ தூற்றவோ முற்படாமல், தாம் படித்த ஒரு நூலை மற்றொருவர் கையிற் சேர்ப்பிக்கும் ஆர்வமே அதன் உந்துசக்தி. வணிகச் சஞ்சிகைகளின் தொடர்கதைகளே இலக்கியம் எனக் கருதப்பட்ட காலத்தில், அதிகம் பேசப்படாத தமிழ் நூல்களையும், தம் மொழிபெயர்ப்புகள் வாயிலாக நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ் போன்ற ஐரோப்பிய எழுத்தாளர்களையும் அவர் தமிழ் வாசகருக்கு அறிமுகஞ் செய்தார். நல்ல நூல் எது என்று அறிந்த சிறு வாசகர் கூட்டம் ஒன்று இருந்தாலே இலக்கியம் பிழைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

இந்நம்பிக்கையின் வலுவீனத்தைப் பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) சுட்டிக்காட்டினார். 1980இல் வெளிவந்த திறனாய்வுப் பிரச்சினைகள் என்ற நூல் க. நா. சு. குழுவினரின் விமர்சன நோக்கையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. கைலாசபதியின் வாதத்தின் சாரம் எளிதானது. ரசனை வானத்திலிருந்து வருவதன்று. அதற்கும் ஒரு சமூகப் பகைப்புலம் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவர் கூறும்போது, அந்த எனக்கு என்பதன் பின்னே அவருடைய வர்க்கமும் கல்வியும் வளர்ப்பும் நிற்கின்றன. அவற்றை ஆராயாது வெறும் பட்டியல்களைத் தருவது விமர்சனமாகாது. இவ்வாதத்தின் தேவையை ஈழத்து வாசகர் நன்குணர்வர். ரசனை என்ற பெயராலேயே ஒடுக்கப்பட்டோரின் பேச்சுவழக்கு இலக்கியத்துக்கு ஒவ்வாததென 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தில் ஒதுக்கப்பட முயன்றமை வரலாறு.

எனினும், ஆய்வு நோக்கும் தனக்குரிய இடர்ப்பாட்டிலிருந்து தப்பவில்லை. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் நூல்களை நுணுகிப் படித்து, அவற்றின் சமூக உள்ளடக்கத்தைக் காலப்பின்னணியோடு பொருத்திக் காட்டினர். தமிழ் நாவல் இலக்கியம் (1968), தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் (1967) ஆகியவை அத்தகைய உழைப்பின் பேறுகள். அவர்களைப் பின்தொடர்ந்தோர் சிலரின் கையிலோ முடிவுகள் மட்டும் எஞ்சின, படிப்பு எஞ்சவில்லை. முற்போக்கு, பிற்போக்கு, மண்வாசனை, யதார்த்தம் என்ற சொற்கள் நூலைத் திறக்கும் சாவிகளாக அன்றி, திறவாமலே அதன் மேல் ஒட்டும் முத்திரைகளாக மாறின. மார்க்சிய நிலையில் நின்றுகொண்டே இவ்வறட்டுத்தனத்தைக் கேள்விக்குட்படுத்திய எம். ஏ. நுஃமானின் மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும், வேறொரு நிலையில் நின்று 1956 முதல் 1963 வரையான ஈழத்து எழுத்தை மதிப்பிட்ட மு. தளையசிங்கத்தின் ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி, 1975இல் தொடங்கிய அலை சஞ்சிகையின் கட்டுரைகள் ஆகியன இப்பிரச்சினையை உணர்ந்து எழுந்தவை.

இரு நூல்களும் இரு தீர்ப்புகளும்

அபிப்பிராயம் எவ்வாறு நூலை மறைக்கும் என்பதற்கு இரு ஈழத்து நாவல்களை எடுத்துக்காட்டலாம். எஸ். பொன்னுத்துரையின் தீ 1961இல் வெளிவந்தபோது, பாலியலை வெளிப்படையாகப் பொருளாகக் கொண்டமையால் பெருஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. கே. டானியலின் பஞ்சமர் 1972இல் வெளிவந்தபோது, யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையையும் அதற்கெதிரான போராட்டங்களையும் உள்ளிருந்து கூறியமையால் ஒரு சாராராற் போற்றவும் மறுசாராராற் கலைத்தரம் குறைந்ததென ஒதுக்கவும் பட்டது. முன்னதைப் பற்றிய பேச்சுகளில் ஆபாசம் என்ற சொல்லும், பின்னதைப் பற்றிய பேச்சுகளில் ஆவணம் என்ற சொல்லும் பல்லாண்டுகள் ஒலித்தன.

இவ்விரு சொற்களும் முற்றிலும் பிழையானவை என்பதன்று வாதம். பஞ்சமரை ஆவணம் எனக் கூறும் வாசகரிடம் உடன்வாசகர் ஒருவர் சில வினாக்களைத் தொடுக்கலாம். ஒரு தனிமனிதரின் உள்ளத்தைப் பின்தொடராது பலரின் வாழ்வைப் பரவலாகக் கூறிச் செல்வது ஆசிரியரின் இயலாமையா, அல்லது ஒரு சமூகத்தையே கதைமாந்தராக்க முனையும் நாவலின் தேவையா? அப்படியாயின் அத்தேவை எவ்வத்தியாயங்களில் நிறைவேறுகின்றது, எவ்விடங்களில் நிகழ்ச்சிகளின் வெறும் அடுக்காக நின்றுவிடுகின்றது? பேச்சுமொழி மாந்தருக்கு மாந்தர் வேறுபடுகின்றதா, அல்லது எல்லோரும் ஆசிரியரின் குரலிலேயே பேசுகின்றனரா? இவ்வினாக்களுக்கு விடை தேடுபவர் மீண்டும் நூலைத் திறக்கவேண்டியவராகின்றார். அவ்வாறு திறந்த பின்னரும் ஆவணமே என்று அவர் முடிவு செய்யலாம். அம்முடிவுக்கு அப்போது ஒரு பெறுமதி உண்டு. அவ்வாறே, தீயைப் பற்றிப் பேசுவோரும் பொருள் யாது என்பதோடு நின்றுவிடாமல், தன் வாழ்வைத் தானே கூறும் ஒருவனின் குரலில் அப்பொருள் எவ்வாறு நிறுத்தப்பட்டுள்ளது, அக்குரலை நாவல் எங்கே நம்புகின்றது, எங்கே அதிலிருந்து விலகி நிற்கின்றது என்று வினவும்போதே சர்ச்சை விமர்சனமாகின்றது. தீர்ப்பு ஒன்றாகவே இருக்கலாம். தீர்ப்புக்குச் சென்ற வழி வேறுபடும்போது அதனால் வாசகர் அடையும் பயனும் வேறுபடுகின்றது.

விழாவும் அதன் பின்னும்

இன்றைய ஈழத்துச் சூழலில் நூலைப் பற்றிய முதற் பகிரங்கப் பேச்சு பெரும்பாலும் வெளியீட்டு விழாவிலேயே நிகழ்கின்றது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை என்ற ஒழுங்கு ஏறக்குறைய மாறாதது. நயப்புரை என்ற பெயரே அதன் எல்லையை உணர்த்திவிடுகின்றது. நயத்தை எடுத்துரைக்க அழைக்கப்பட்டவர் குறையைக் கூறுவது அழைத்தவரை அவமதிப்பதாகக் கருதப்படும். 19ஆம் நூற்றாண்டுச் சாற்றுகவி உரைநடை வடிவிலே மேடையேறியுள்ளது எனலாம்.

இதற்கு எழுத்தாளரையோ பேச்சாளரையோ குறைகூறுவதால் ஆவதொன்றில்லை. காரணம் நூல் வெளியீட்டின் பொருளாதாரத்திலேயே உள்ளது. ஈழத்திலே தமிழ் நூலாசிரியர் பலர் தாமே பதிப்பாளராகவும் இருக்க நேர்கின்றது. சில நூறு பிரதிகளை அச்சிட்டு, அச்சுச் செலவின் ஒரு பகுதியையேனும் விழாவிலே திரட்டவேண்டிய நிலையில் அவர் இருக்கின்றார். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுவோர் உறவினராகவும் நண்பராகவும் ஊரவராகவும் இருப்பர். சிறிய சமூகத்தில் விமர்சகரும் அவர்களுள் ஒருவரே. ஆசிரியரோடு ஒரே பாடசாலையிற் கற்பிப்பவராக, ஒரே ஊரில் வாழ்பவராக, நாளை அவரிடமே தம் நூலுக்கு உரை கேட்கவேண்டியவராக அவர் இருப்பார். இந்நிலையில் மேடையிலிருந்து காத்திரமான விமர்சனத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே, விழாவைச் சீர்திருத்துவதிலும் பயனுள்ளது, விழாவுக்குப் பின் இரண்டாவது சந்திப்பொன்றை உருவாக்குவதாகும். நூலை வாங்கியோர் அதனைப் படித்து முடிக்கத்தக்க கால இடைவெளியின் பின், மாலையும் பொன்னாடையும் இன்றி, நூற்பிரதியைக் கையில் ஏந்தியோர் மட்டும் கூடும் சந்திப்பு அது. ஈழத்து இலக்கிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1943இல் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் கூடி அமைத்த மறுமலர்ச்சிச் சங்கத்திலிருந்தே 1946இல் மறுமலர்ச்சி சஞ்சிகை பிறந்தது. படிப்போரின் கூட்டம் எழுதுவோரின் கூட்டமாக மலர்ந்ததற்கு அது எடுத்துக்காட்டு. 1966 ஆகஸ்ட் மாதம் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அதன் இதழ்களைத் தம் கையாலேயே வாசகரிடம் கொண்டுசென்று விற்றவர். விற்பனையாளராக வாசகர் முன் நின்ற ஆசிரியருக்குச் சென்ற இதழ் பற்றிய அபிப்பிராயம் நேரடியாகக் கிடைத்தது. அது நயப்புரையாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. அவர் தொழில் செய்த சலூனிலேயே இலக்கியம் பேசப்பட்டது என்பதும், கோயில் மண்டபத்துள் இடம் மறுக்கப்பட்டோரின் வழிவந்த ஒருவர் கூட்டு வாசிப்பின் வாயிலை அவ்வாறு திறந்து வைத்தார் என்பதும் சமூக வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தன. 1980களின் பிற்பகுதியில் புலம்பெயர்ந்தோரால் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இலக்கியச் சந்திப்பும், மேடைச் சம்பிரதாயங்களைத் தவிர்த்து விவாதத்தை முதன்மைப்படுத்திய முயற்சியே.

இழப்பின் அளவு

நூலைப் பற்றிய அபிப்பிராயம் பேசப்படாமலும் எழுதப்படாமலும் போவதால் நேரும் இழப்பை ஈழத்தவர் பிறரிலும் நன்கு விளங்கிக்கொள்ளக்கூடியவர். 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டில் நூல்களைச் சேர்த்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுத்த சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றுவாய். படித்ததைப் பகிரும் விருப்பமே அந்நிறுவனத்தின் வித்து. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய எரியூட்டலில் அந்நூலகத்திலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சில வேறெங்கும் பிரதி இல்லாதவை. அத்தகைய ஒரு நூல் அழிந்த பின்னர் அதனைப் பற்றி அறிய ஒரே வழி, அதனைப் படித்தவர் எவரேனும் எழுதிவைத்த குறிப்பே. கவனமாக எழுதப்பட்ட மதிப்புரை ஒன்று இருப்பின், நூல் மறைந்தும் அதன் பொருளும் அமைப்பும் ஓரளவு மீட்கப்படும். சிறந்த நூல், அனைவரும் படிக்கவேண்டியது என்ற பாராட்டு மட்டும் எஞ்சியிருப்பின், அந்நூல் இரண்டாம் முறையும் அழிந்ததாகவே கொள்ளவேண்டும்.

2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பேணி எவரும் படிக்கத்தக்க வகையில் வழங்கி வருகின்றது. அரிய பிரதியொன்றைத் தேடி ஊரூராக அலையவேண்டிய நிலை பெருமளவு நீங்கியுள்ளது. இதனால் ஒரு புதிய பொறுப்பும் எழுகின்றது. நூல் கிடைக்கவில்லை என்ற காரணம் அற்றுப்போன பின், நூல் பேசப்படாமைக்கு வாசகரே விடையிறுக்க வேண்டும். பழைய சஞ்சிகைகளைப் புரட்டும் ஆய்வு மாணவர், ஒரு நாவல் வெளிவந்த ஆண்டையும் அதன் விழாச் செய்தியையும் எளிதிற் காண்கின்றார். அக்காலத்து வாசகர் ஒருவர் அதன் எந்தப் பக்கத்தில் நின்று தயங்கினார், எதனை நம்ப மறுத்தார் என்பதைக் காண்பதோ அரிது.

அபிப்பிராயத்தின் ஒழுக்கம்

உடன்வாசகரோடு பகிரும் கருத்துக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. முதலாவதாக, நூல் நன்றா தீதா என்பதற்கு முன் அது என்ன செய்ய முற்படுகின்றது என்பதைக் கூறுதல் வேண்டும். அதனைக் கூறாதவரின் தீர்ப்பு, அவர் எதிர்பார்த்த வேறொரு நூலைப் பற்றியதாகிவிடும். இரண்டாவதாக, கருத்து நூலின் ஓர் இடத்தைச் சுட்டவேண்டும். நடை செயற்கையானது என்பவர் எந்த உரையாடலில் அச்செயற்கை வெளிப்படுகின்றது எனக் காட்டினால், கேட்பவர் அவ்விடத்தைத் தாமே படித்து உடன்படவோ மறுக்கவோ முடியும். வீரசோழியத்தைக் கொணர்ந்தவர் செய்தது இதுவே. மூன்றாவதாக, கருத்துரைப்பவர் தாம் நிற்கும் நிலையை மறைக்கலாகாது. கைலாசபதியின் வாதத்திலிருந்து கற்கத்தக்க பாடம் இது. ஆசிரியரின் நண்பர் தாம் நண்பர் என்பதையும், மாற்றுக் கொள்கையர் தம் கொள்கையையும் கூறிவிட்டுப் பேசுவாராயின், கேட்போர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வர். நான்காவதாக, மறுமொழிக்கு இடம் விடுதல் வேண்டும். மறுக்கப்பட முடியாத வகையில் உரைக்கப்படும் கருத்து உரையாடலைத் தொடக்குவதன்று, முடித்துவைப்பது.

இந்நான்கும் பெரும் புலமையைக் கோருவனவல்ல. பட்டமோ பதவியோ இல்லாத வாசகரும் இவற்றைக் கைக்கொள்ளலாம். பெரும் பட்டங்கள் பெற்றோரும் இவற்றைக் கைவிடலாம். இவை கோருவது நூலைத் திரும்பப் படிக்கும் பொறுமையையும், நண்பரின் முகம் கோணினும் உள்ளதைச் சொல்லும் துணிவையும், சொன்னது பிழையெனக் காட்டப்படின் அதனை ஏற்கும் நேர்மையையுமே.

பல்கலைக்கழகம் இதற்கு உகந்த களம் என்பது வெளிப்படை. பல ஊர்களிலிருந்து வந்தோர், பல சாதியினர், பல சமயத்தினர், பெண்களும் ஆண்களும் ஒரே நூலை ஒரே காலத்திற் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. ஆயினும், பரீட்சைக்கென விதந்துரைக்கப்பட்ட நூல்களைப் பற்றிய விரிவுரைக் குறிப்புகளே அங்குக் கைமாறுகின்றன. விதந்துரைக்கப்படாத புதிய நூலொன்றைப் பற்றிய கருத்துகள் கைமாறுவது அருகியே காணப்படுகின்றது. பவணந்தியாரின் கணக்கின்படி, விரிவுரை மண்டபத்திற் பெறப்படுவது காற்பங்கு. எஞ்சிய முக்காற்பங்கு அதற்கு வெளியே, விடுதி அறைகளிலும் நூலகப் படிகளிலும் தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும், ஒருவர் மற்றொருவரிடம் தாம் படித்ததைச் சொல்லத் தொடங்கும் இடத்திற் காத்திருக்கின்றது.